தரங்கம்பாடியின் பெயரைச் சுமக்கும் நண்டு

1798-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு இயற்கையறிஞர் யோகான் கிறிஸ்டியன் ஃபாப்ரீசியஸ், அந்நாளில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியின் பெயரை ஒரு சேற்று நண்டுக்குச் சூட்டினார். 'சில்லா டிராங்குபாரிக்கா' என்பது அதன் இன்றைய அறிவியற் பெயர். மயிலாடுதுறையைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் இந்தியக் கரையோரச் சேற்று நண்டுகளின் டிஎன்ஏவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கண்டவை இரண்டே சிற்றினங்கள்: சில்லா செர்ராட்டா, சில்லா ஒலிவேசியா. தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கிய நண்டு அந்த மாதிரிகளில் இல்லை. தரங்கம்பாடி இருப்பதோ அதே மயிலாடுதுறை மாவட்டத்தில்.

இதனை வினாடி வினாவுக்கு உகந்த துணுக்குச் செய்தியாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோர் பலர். ஆனால் அந்தக் கட்டுரை எழுப்பும் கேள்வி, தில்லியின் கிருஷி பவனிலிருந்து ஆண்டுதோறும் வெளியாகும் மீன்பிடித் தடை ஆணை வரைக்கும் நீள்கிறது. கடல்வாழ் உயிர்களில் எதை 'ஒன்று' என்று எண்ணுவது, எதை 'இரண்டு' என்று எண்ணுவது? அதனை எண்ணுபவர் யார்? எந்தச் சான்றைக் கொண்டு எண்ணுகிறார்? இந்தியாவில் இக்கேள்விக்கு மூன்று தரப்பினர் விடை சொல்கின்றனர்: மீனவர், மரபணுவியலார், அரசு. முதல் இரு தரப்பினரின் விடைகள் மூன்றாம் தரப்பினரின் காதுக்கு எட்டவேயில்லை என்பதும், அதற்கான பழியில் பெரும்பங்கு ஆய்வுலகத்தையே சாரும் என்பதும் இப்பதிவின் வாதம்.

நண்டிலிருந்தே தொடங்கலாம். இந்திய நீர்வாழ் உயிரியல் நூல்களில் நெடுங்காலம் வழங்கிய வகைப்பாடு இது: பெரிதாக வளர்வதும் பச்சை நிறம் கொண்டதும் வளை தோண்டாமல் திரிவதுமான நண்டு 'டிராங்குபாரிக்கா', சிறியதும் பழுப்பு நிறம் கொண்டதும் வளையில் வாழ்வதும் செந்நிறக் கொடுக்கு உடையதுமான நண்டு 'செர்ராட்டா'. 1998-இல் கீனனும் அவருடைய இரு இணையாசிரியர்களும் உலகெங்கிலுமிருந்து மாதிரிகளைத் திரட்டி, நொதி வேறுபாடு, மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ, உடல் அளவைகள் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, இப்பேரினத்தில் நான்கு சிற்றினங்கள் உள்ளதாக நிறுவினர். அந்தத் திருத்தத்தின்படி பெரிய பச்சை நண்டே செர்ராட்டா; சிறிய பழுப்பு நண்டு ஒலிவேசியா. ஆக, செர்ராட்டா என்ற சொல் ஓர் உயிரினத்திலிருந்து பெயர்ந்து மற்றோர் உயிரினத்தின்மேல் அமர்ந்தது. மொழியியலில் பொருள் பெயர்ச்சி என்று இதற்குப் பெயர். அங்கே ஒரு சொல்லின் பொருள் மாற நூற்றாண்டுகள் ஆகும். இங்கே ஒரே கட்டுரையில் நிகழ்ந்துவிட்டது.

விளைவு என்ன? 1998-க்கு முன் இந்தியாவில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் நிறுவன அறிக்கைகளிலும் 'செர்ராட்டா' என்ற தலைப்பின்கீழ் நிற்கும் முதிர்ச்சிப் பருவ அளவு, முட்டை எண்ணிக்கை, வளர்ச்சி வேகம் ஆகியவற்றுள் பல, உண்மையில் ஒலிவேசியாவுக்கு உரியவையாக இருக்கக்கூடும். இரண்டு கிலோவைத் தாண்டி வளரக்கூடிய நண்டுக்கும் அதனினும் மிகச் சிறிதாக நின்றுவிடும் நண்டுக்கும் முதிர்ச்சி அளவு ஒன்றாக இராது. இன்னும் முட்டையிடாத இளநண்டைப் பிடிக்கலாகாது என்று நாளை ஓர் அரசு அளவு விதி வகுக்க முனைந்தால், அதற்கு ஆதாரமாகப் பழைய நூலைப் புரட்டினால், அவ்விதி பிழையான நண்டைக் காக்கும். திருத்தம் வந்த பின்னரும் பழைய பெயரிலேயே அட்டவணைகளைப் பெயர்த்தெழுதும் வழக்கம் ஓயவில்லை. இரு நண்டுகளுள் எதைக் குறிக்கிறது என்ற விளக்கக் குறிப்பு ஒன்றுகூட இல்லாமல் அவை மேற்கோள் காட்டப்படுகின்றன.

இந்தக் குழப்பத்தில் சிக்காதவர்கள் நண்டு பிடிப்போர். நிறத்தாலும் கொடுக்காலும் வளையாலும் இரண்டையும் பிரித்தறிந்தே அவர்கள் விலை பேசினர். பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அங்கு நண்டு சேகரிப்போர் 'பன்ஹாவின்', 'மமோசெயின்' என்று வகை பிரித்து வழங்கிவந்தனர். 1949-இல் எஸ்டம்படோர் என்னும் அந்நாட்டு விலங்கியலாளர் அவ்வழக்கைப் பொருட்படுத்தி, மூன்று சிற்றினங்களும் ஒரு வகையும் இருப்பதாக எழுதினார். அவர் புதிதாகச் சூட்டிய 'பாராமமோசெயின்' என்ற பெயருக்குள் சேகரிப்போரின் சொல் அப்படியே உறைந்திருக்கிறது. 1960-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன்சனும் கேம்பலும் இவையனைத்தும் ஒரே சிற்றினமே என்று தள்ளுபடி செய்தனர். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, டிஎன்ஏ வந்து பிரிவினையை உறுதிசெய்தது. எஸ்டம்படோர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று கூற வேண்டியதில்லை. சந்தையில் வழங்கிய சொற்களைத் தரவாக ஏற்றவர் அவர் என்பதே கருதத்தக்கது.

(தமிழகக் கரையில் 'களிநண்டு' என்று ஒலிக்கும் பெயர் களிமண்ணிலிருந்து பிறந்ததா, உப்பங்கழியிலிருந்து பிறந்ததா என்பது தனி ஆராய்ச்சி. ழகரம் ளகரமாக ஒலிக்கும் ஊர்களில் காது இதற்கு விடை தராது. நண்டு இரண்டிலும்தான் வாழ்கிறது.)

சிற்றினப் பெயரில் நேரும் பிழையையாவது என்றேனும் ஒருநாள் யாரேனும் கண்டுபிடித்துவிடுவர். அதனினும் ஆழமான சிக்கல் சிற்றினத்துக்குக் கீழே உள்ளது. ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த மீன்கள் ஒரே இனத்தொகையாகக் கலந்து இனம் பெருக்குகின்றனவா, அல்லது தத்தம் முட்டையிடும் களமும் காலமும் கொண்ட பல தொகைகளாகப் பிரிந்துள்ளனவா? நெய்மத்தி, அயிலை, இறால், சேற்று நண்டு என எதை எடுத்தாலும் மேலாண்மையின் முதற்கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும். கருத்தரங்குகளில் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை உண்டு: கடலுக்கு வேலியில்லை, முட்டையும் இளவுயிரியும் நீரோட்டத்தில் மிதந்து செல்கின்றன, எனவே கலப்பு தங்குதடையின்றி நிகழ்கிறது, ஆய்வு முடிவுகளும் 'குறிப்பிடத்தக்க மரபணு வேறுபாடு இல்லை' என்றே காட்டுகின்றன. அத்துடன் விவாதம் முடிந்து தேநீர் வந்துவிடும்.

இவ்விடையில் இரண்டு வழுக்கல்கள் உள்ளன. முதலாவது, 'வேறுபாடு தென்படவில்லை' என்பதை 'வேறுபாடு இல்லை' என்று படிப்பது. இரண்டாவது அதனினும் கேடு விளைவிப்பது: மரபணு அளவில் தொடர்பு இருந்தால் மீன்வள அளவிலும் தொடர்பு இருக்கும் என்று கொள்வது. இதன் பிழையை எளிய கணக்கே காட்டிவிடும். இனத்தொகைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை அளக்கும் எஃப்எஸ்டி என்னும் அளவை சூவல் ரைட்டின் ஆய்வுகளிலிருந்து வந்தது. தீவுகள்போல் பிரிந்த தொகைகளுக்கு அவர் தந்த எளிய மாதிரியில், ஒரு தலைமுறைக்கு ஒரே ஓர் உயிரி இடம்பெயர்ந்து கலந்தால் இவ்வளவை 0.2 அளவில் நிற்கும். பத்து உயிரிகள் கலந்தால் 0.024 ஆகக் குறைந்துவிடும். கடல் மீன்களின் தொகை கோடிக்கணக்கில் இருப்பதால் தற்செயல் நகர்வும் மிக மெதுவாகவே வேலை செய்கிறது. ஆக, தலைமுறைக்குச் சில பத்து மீன்கள் எல்லை தாண்டினாலே, வழக்கமான குறிப்பான்களின் கண்ணுக்கு இரு தொகைகளும் ஒன்றாகத் தெரியும். அந்தப் பத்துப் பதினைந்து மீன்களைக் கொண்டு, பிடித்துத் தீர்க்கப்பட்ட ஒரு கரையை மீண்டும் நிரப்ப முடியுமா? மரபணுவின் கணக்கில் பத்து மீன் போதும். வலையின் கணக்கில் பத்து மீன் ஒரு கூடைக்கும் ஆகாது.

ஐரோப்பாவின் ஹெர்ரிங் மீன் இப்பாடத்தை அறிவுலகுக்குக் கசப்பாகப் புகட்டியது. வசந்தத்தில் முட்டையிடுவன, இலையுதிர் காலத்தில் முட்டையிடுவன என மீனவர் பிரித்து வழங்கிய கூட்டங்களுக்கிடையே நொதிகளைக் கொண்டும் நுண்தொடர்களைக் கொண்டும் பல்லாண்டுகள் தேடியும் மிகச் சொற்ப வேறுபாடே கிடைத்தது. 2012-லும் 2016-லும் முழு மரபணுத்தொகுதியை வாசித்த ஆய்வுகள் வெளியானபோது நிலைமை தலைகீழானது. மரபணுத்தொகுதியின் பெரும்பகுதி ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் உப்புத்தன்மைக்கும் முட்டையிடும் பருவத்துக்கும் தொடர்புடைய குறிப்பிட்ட இடங்களில் வேறுபாடு மிகக் கூர்மையாக நின்றது. சுவீடனில் கால்மார் நகருக்குத் தெற்கே பிடிபட்டால் அம்மீனுக்குச் 'சில்' என்று பெயர். வடக்கே பால்டிக் கடலில் பிடிபட்டால் 'ஸ்ட்ரோமிங்'. ஒரே மீனுக்கு இரு பெயர் வைத்த வட்டார மூடத்தனமாகச் சிலர் இதனைக் கண்டிருக்கக்கூடும். கால்மார் என்ற எல்லைக்கோடு துல்லியமானதன்று. எனினும் அப்பெயர்ப் பிரிவின் பின்னால் உயிரியல் பொருள் ஒன்று இருந்தது.

இந்தியாவின் நெய்மத்திக்கு வருவோம். குமரிக் கரையில் சாளை என்றும் பிற கரைகளில் மத்தி என்றும் வழங்கும் இம்மீன், கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன் பிடிபட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் அங்குப் பிடிபட்டது வெறும் 3,297 டன். எல் நினோவும் நீரின் வெம்மையும் உணவுத் தட்டுப்பாடும் இளமீன்களை அள்ளியதும் என்று காரணங்கள் பல அடுக்கப்பட்டன. அவற்றுள் ஒவ்வொன்றுக்கும் அடிப்படை உண்டு. மறுபுறம், 1980-களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ மேற்குக் கரைக்கே உரியதாக இருந்த நெய்மத்தி மீன்பிடிப்பு, அதன்பின் சோழமண்டலக் கரையிலும் வளர்ந்தது என்பதும் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவு செய்த செய்தி. கிழக்கே பெருகியவை மேற்கிலிருந்து குமரி முனையைச் சுற்றி வந்தவையா? அல்லது முன்பே அங்குச் சிறுபான்மையாக இருந்த ஒரு தொகை வெம்மை தந்த வாய்ப்பில் பெருகியதா? முதலாவது உண்மையானால் மேற்கின் வீழ்ச்சியைக் கிழக்கின் பிடிப்பிலிருந்து பிரித்து எண்ண முடியாது. இரண்டாவது உண்மையானால், மேற்கை இழந்தால் கிழக்கு வந்து ஈடுகட்டும் என்ற நம்பிக்கை வீண்.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. மைட்டோகாண்ட்ரியக் குறிப்பான்களைக் கொண்டு இந்தியக் கரை நெடுகிலும் செய்யப்பட்ட ஆய்வு 2016-இல் வெளிவந்தது. கரையோரத் தொகைகளுக்கிடையே வேறுபாடு குறைவு என்பதே அதன் முதன்மைச் செய்தி. 2020-லும் 2021-லும் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்த கட்டுரைகள், வெவ்வேறு சூழல்களில் வாழும் நெய்மத்திகளில் இயற்கைத் தேர்வு பதித்த தடயங்கள் மரபணுக்களில் உள்ளதைக் காட்டின. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனமே 2023-இல் இம்மீனின் முழு மரபணுத்தொகுதியையும் வெளியிட்டது. ஹெர்ரிங் நடந்த பாதையில் மத்தியும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. இவ்வளவும் பொதுப்பணத்தில், இந்தியர் கையால் நடந்த உயர்ந்த பணி. இதில் ஒரு வரியேனும் எந்தத் தடை ஆணையின் முன்னுரையில் இடம்பெற்றிருக்கிறது?

ஆணைகள் எதைக் கொண்டு வரையப்படுகின்றன என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். அரசியலமைப்பின்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் பொறுப்பு. அதற்கப்பால் ஒன்றிய அரசின் பொறுப்பு. கேரளம் தன் சட்டத்தை 1980-லும் தமிழகம் தன் சட்டத்தை 1983-லும் இயற்றின. கேரளம் நெய்மத்திக்கு 10 செ.மீ., அயிலைக்கு 14 செ.மீ. எனக் குறைந்தபட்சப் பிடிப்பளவு வகுத்தது. அவ்வாணையின் ஆட்சி பொழியூரில் முடிகிறது. அடுத்த ஊரான நீரோடி தமிழகம். இவ்விரு ஊர்களுக்கும் நடுவே கோடு விழுந்தது 1956 நவம்பர் 1-ஆம் நாள், மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது. தமிழ் பேசுவோர் எங்கே மிகுதி, மலையாளம் பேசுவோர் எங்கே மிகுதி என்று கணக்கிட்டு நிலத்தில் வரைந்த கோட்டினைக் கடலுக்குள் 12 மைல் நீட்டி, அதனைக் கொண்டு இன்று மீனை ஆள்கின்றனர். மொழியெல்லைகள்கூட இப்படிக் கூர்மையானவையல்ல என்பதைக் கிளைமொழியியலின் முதற்பாடமே சொல்லும். களியக்காவிளையில் ஒருவர் பேசுவது எம்மொழி என்று உறுதிசெய்வது எவ்வளவு கடினம் என்பதை அவ்வழியே பேருந்தில் சென்றவரும் அறிவர். தொலைவு கூடக் கூட வேறுபாடு படிப்படியாகக் கூடும் இந்நிலையை மரபணுவியலும் அறியும். தொலைவினால் விளையும் தனிமை என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறது. இரு துறைகளும் தனித்தனியே கற்ற பாடத்தை நிர்வாகம் மட்டும் கற்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் உச்சம். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடை கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி ஊருக்குக் கிழக்கே முதல் தடை. அங்கிருந்து நீரோடி வரை இரண்டாம் தடை. ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர், இரு பருவங்கள். இரு கரைகளும் ஒருசேர மூடியிருப்பது ஜூன் முதல் பதினான்கு நாட்கள் மட்டுமே. குமரியைச் சுற்றும் ஒரு தொகை உண்மையிலேயே இருந்தால், அதற்குக் கிட்டும் முழு ஓய்வு இரண்டு வாரம். அப்படி ஒரு தொகை இல்லாமல் இரு தனித் தொகைகள் இருந்தால், ஒவ்வொன்றும் முட்டையிடும் காலத்தோடு அதற்குரிய தடை பொருந்துகிறதா என்று தனித்தனியே பார்த்தாக வேண்டும். எது உண்மை என்று கேளாமலேயே இரண்டு தேதிகளும் ஆண்டுதோறும் அச்சேறுகின்றன. தடைக்கால நிவாரணத்தை எதிர்நோக்கி அறுபத்தொரு நாள் படகைக் கட்டி வைக்கும் தொழிலாளிக்கு, அந்த நாட்கள் எந்த மீனுக்காக என்று கேட்கும் உரிமை உண்டு.

சொல்லும் இதில் உடந்தை. ஆங்கிலத்தில் 'ஸ்டாக்' என்பது மரத்தின் அடிமரத்தைக் குறித்த பழஞ்சொல். அதிலிருந்து கால்வழி என்ற பொருளும் கையிருப்பு என்ற பொருளும் கிளைத்தன. மீன்வள அறிவியலில் இரு பொருளும் ஒன்றாகவே இயங்குகின்றன: எந்தக் கால்வழி, அதில் எவ்வளவு கையிருப்பு. தமிழாக்கத்திலோ பெரும்பாலும் 'மீன் இருப்பு' என்றே எழுதுகின்றனர். கால்வழி உதிர்ந்து கிடங்குக் கணக்கு மட்டும் எஞ்சியது. கிடங்கில் எந்த மூட்டை எங்கிருந்து வந்தது என்பது பொருட்டன்று. மொத்த எடை போதும். ஆண்டறிக்கைகள் மாநிலவாரியாக மொத்த டன்னை மட்டும் முன்னிறுத்துவதைக் காணும்போது, மொழிபெயர்ப்பில் உதிர்ந்தது எண்ணத்திலும் உதிர்ந்துவிட்டதோ என்று ஐயுறாமல் இருக்க இயலவில்லை.

இங்கு ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். மீன் மாநில எல்லையை மதிப்பதில்லை என்றால், கடல் முழுவதையும் ஒன்றிய அரசிடம் ஒப்படைப்பதே தீர்வு என்று தில்லியில் சிலர் முடிவுகட்டுவர். 2021-இல் கொண்டுவர எண்ணிய கடல் மீன்வள மசோதாவைத் தமிழக அரசும் மீனவர் அமைப்புகளும் எதிர்த்தபோது இத்தகைய குரல்கள் ஒலித்தன. மரபணுச் சான்று இம்முடிவுக்குத் துணைபோகாது. அது காட்டுவது மாநிலத்தினும் பெரிய எல்லைகளை மட்டுமல்ல; மாநிலத்தினும் சிறிய எல்லைகளையும்தான். பாக் விரிகுடாவின் ஆழங்குறைந்த நீரும் மன்னார் வளைகுடாவும் இடையே ஆதம் பாலத்தின் மணல்திட்டுகளும் இந்தியப் பக்கத்தில் ஒரே மாநிலத்துக்குள் அடங்கியவை. அவற்றின் உயிர்கள் ஒரே தொகையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சில இடங்களில் இரு மாநிலங்கள் கலந்து பேச வேண்டியிருக்கும். சில இடங்களில் இலங்கையோடும் பேச வேண்டியிருக்கும். சில இடங்களில் ஒரு கழிமுகத்தின் ஐந்தாறு ஊர்கள் தமக்குள் முடிவுசெய்தாலே போதும். கிருஷி பவனின் ஒரே மேசை இவை எதற்கும் மாற்றாகாது.

மரபணு ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று கருதுவதும் மடமை. அடையாளமிட்டு விடுதல், செவிக்கற்களின் வேதியியல், நீரோட்ட மாதிரிகள் ஆகியவற்றோடு சேர்த்தே அதனை வாசிக்க வேண்டும். கிழக்குக் கரையின் நீரோட்டம் ஆண்டின் முற்பகுதியில் வடக்கு நோக்கியும் அக்டோபருக்குப் பின் தெற்கு நோக்கியும் திரும்பும். தாய் நண்டு கழியை விட்டுக் கடலுக்குள் சென்று முட்டை பொரிக்கும் மாதம் எதுவோ, அதனைப் பொறுத்தே அதன் இளவுயிரிகள் மூன்று நான்கு வாரம் எத்திசையில் மிதக்கும் என்பது அமையும். திசையைத் தீர்மானிக்கும் அந்த மாதம், பல ஆய்வேடுகளின் மாதிரிப் பட்டியலில் குறிக்கப்படுவதேயில்லை.

ஆய்வுலகத்தின் மீதான குற்றச்சாட்டு இங்கிருந்து தொடங்குகிறது. மாதிரி எடுக்கும் முறை அதன் முதற்பகுதி. துறைமுகத்தில் ஏலம் போகும் மீனை வாங்கி, அத்துறைமுகத்தின் பெயரையே அதன் வாழிடமாக எழுதிவிடும் வழக்கம் பரவலானது. காசிமேட்டில் இறங்கும் விசைப்படகு பல நாள் கடலில் தங்கி, வேறொரு கரைக்கு நேரே வலைவீசித் திரும்பியிருக்கலாம். கோயம்பேடு பேருந்து நிலையத்தில் நின்று பேச்சைப் பதிவுசெய்து அதற்குச் 'சென்னை வட்டார வழக்கு' என்று தலைப்பிடும் மாணவரை எந்த மொழியியல் துறையும் தேர்ச்சி பெறவிடாது. மீனுக்கு மட்டும் அது செல்லுபடியாகிறது. இப்படிக் கலந்த மாதிரிகளை ஒப்பிட்டால் வேறுபாடு குறைவாகவே தெரியும். அக்கலப்பு கடலில் நிகழ்ந்ததா, ஐஸ் பெட்டியில் நிகழ்ந்ததா என்று யாரும் பிரித்தறிய முடியாது. ஒரு தொகைக்கு முப்பது மீன், நான்கைந்து இடங்கள், ஒரே மைட்டோகாண்ட்ரியத் துண்டு என்ற அளவில் நின்றுவிட்டு, முடிவுரையில் 'ஒரே இருப்பாக மேலாண்மை செய்யலாம்' என்று பரிந்துரைக்கும் துணிவும் வியப்புக்குரியது. இத்தனை சிறிய மாதிரி எவ்வளவு வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் உடையது என்ற கணக்கு அதே கட்டுரையில் இடம்பெறாவிட்டால், அப்பரிந்துரைக்கு மதிப்பில்லை.

மொழி அதன் இரண்டாம் பகுதி. மீனவர் வழங்கும் பெயர்களைக் கட்டுரையின் முதற்பத்தியில் அலங்காரமாகத் தொடுத்துவிட்டு, பகுப்பாய்வில் அடியோடு மறந்துவிடுகின்றனர். அயிலைக்கு 'ராஸ்ட்ரெல்லிகர் கானாகுர்டா' என்று அறிவியற் பெயர். அதிலுள்ள 'கானாகுர்டா', பாட்ரிக் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் கேட்டு 1803-இல் அச்சேற்றிய தெலுங்குச் சொல். 1816-இல் குவியே அதனை ஏற்றார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியர் செய்த அளவுக்குக்கூட இன்றைய ஆய்வேடுகள் கரையின் சொற்களைச் செவிமடுப்பதில்லை. ஒரே அறிவியற் பெயருக்கு ஓர் ஊரில் இரு பெயர்கள் வழங்கினால் அது பருவத்தால் வந்ததா, அளவால் வந்ததா, அல்லது வேறொரு தொகையின் அடையாளமா என்பது சோதிக்கத்தக்க ஒரு கருதுகோள். சோதனைக்குத் தேவையானது, இரு பெயரிலும் தனித்தனியே மாதிரி எடுப்பது மட்டுமே. செலவு கூடாது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், காலம் இருக்குமானால். காலம் இல்லை, ஏனெனில் தொகைகளின் எல்லை தெரியுமுன்பே அவற்றைக் கலக்கும் பணி தொடங்கிவிட்டது. மயிலாடுதுறை மாவட்டத்தின் தொடுவாயில் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் இயங்குகிறது. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பச்சை வரி இறால் குஞ்சுகள் இலட்சக்கணக்கில் கடலில் விடப்படுகின்றன. நோக்கம் நல்லது, காட்டிலிருந்து குஞ்சு அள்ளுவதை நண்டுப் பொரிப்பகம் குறைக்கும், இறால் விடுவிப்பு சிறுதொழில் மீனவருக்கு வருவாய் தரும். ஆயினும் ஒரு சேற்று நண்டுத் தாய் ஒரே சமயத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும். சில தாய்களின் வழித்தோன்றல்களே ஒரு விரிகுடாவை நிரப்பிவிட்டால், தலையெண்ணிக்கை உயர்ந்திருக்கும்போதே இனப்பெருக்கத்தில் பயனுறு தொகை சுருங்கும் என்பதை ரைமனும் லைக்ரேவும் 1991-இலேயே கணக்கிட்டுக் காட்டினர். ஒரு கரையின் தாயிடமிருந்து பிறந்த குஞ்சு மற்றொரு கரையின் குட்டையிலிருந்து தப்பிக் கழியில் கலந்தால் என்ன ஆகும் என்பது, அவ்விரு கரைகளின் தொகைகளும் எவ்வளவு வேறுபட்டவை என்பதைப் பொறுத்தது. அதை அளப்பதற்கான வாய்ப்பே கலப்பு தொடங்கியபின் மங்கிவிடும். மாசுபட்ட பின் எடுக்கும் மாதிரியில் பழைய எல்லையைத் தேட முடியாது.

எனவே கேட்க வேண்டியவை மிகச் சில. குஞ்சு விடுவிக்கும் ஒவ்வொரு முறையும் எத்தனை தாய்கள், எந்தக் கரையில் எந்த மாதத்தில் பிடிபட்டவை என்ற பதிவேட்டைப் பொதுவில் வைக்க வேண்டும். தாய்களின் சிறு திசுத்துண்டுகளைச் சேமித்து வைக்க வேண்டும். நெய்மத்தியின் முழு மரபணுத்தொகுதி கையில் இருக்கும்போது, குமரி முனையின் இருபுறமும் முட்டை முதிர்ந்த மீன்களைக் கடலிலேயே, இடக்குறிப்போடு எடுத்து ஒப்பிடும் ஆய்வுக்கு நிதி ஒதுக்க வேண்டும். முடிவு எதுவாயினும் அதனை அடுத்த தடை ஆணை வெளியாகுமுன் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, நீரோடியிலும் பொழியூரிலும் தேங்காய்ப்பட்டினத்திலும் சின்னமுட்டத்திலும் துறைமுகச் சுவரில் ஒட்ட வேண்டும். இவற்றுள் எதுவும் புதிய சட்டத்தைக் கோரவில்லை. அவ்வாய்வுக்குரிய மாதிரிகளை எடுப்பதற்கு ஏற்ற நாட்கள், இரு கரைகளின் விசைப்படகுகளும் ஒருசேர நிற்கும் அந்த ஜூன் மாதத்துப் பதினான்கு நாட்கள்.